வைரஸைக் கொண்டு மரபணுவை முடக்கிப் பார்க்கலாமா? முடிவை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான்: தக்காளிச் செடி வறட்சியில் வாடும்போது ஒரு மரபணு பல மடங்கு கூடுதலாக வெளிப்படுகிறது. அது செடிக்குள் என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மரபணு மாற்றிய செடியை உருவாக்கிச் சோதிக்க நெடுங்காலம் ஆகும். கையில் அவ்வளவு காலம் இல்லை. வைரஸை ஏவி அந்த மரபணுவை முடக்கிப் பார்க்கலாம் என்று மூத்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதில் கிடைக்கும் முடிவை நம்பலாமா?

முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் செய்யலாம். தக்காளியில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். விதை முளைத்ததிலிருந்து ஐந்தாறு வாரங்களில் ஏதோ ஒரு விடை கையில் இருக்கும். ஆனால் நீங்கள் சோதிக்கப் போவது வறட்சியை. வைரஸ் தொற்றிய செடி, தொற்றாத செடியைவிட வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதில் சோதிக்கப்பட்ட நான்கு வைரஸ்களில் ஒன்று, நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே வைரஸ். அதாவது மரபணுவைத் தொடுவதற்கு முன்பே, கருவி உங்கள் விடையைத் தொட்டுவிடுகிறது. இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. அதற்கு இந்த முறையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

செடிகளுக்கு நம்மைப்போல் எதிர்ப்பொருள்கள் கிடையாது. வைரஸைச் சமாளிக்க அவை வைத்திருக்கும் ஆயுதங்களில் முக்கியமானது ஆர்என்ஏவை அடையாளம் கண்டு வெட்டும் ஏற்பாடு. 1928இல் விங்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலைச் செடிகளைப் பற்றி எழுதினார். கீழ் இலைகளில் நோய் கடுமையாக இருந்தது. அதற்குப் பிறகு மேலே வந்த இலைகள் நலமாக இருந்தன. அந்த இலைகளில் மீண்டும் அதே வைரஸைத் தேய்த்தாலும் நோய் வரவில்லை. செடி எதையோ நினைவில் வைத்துக்கொண்டது போலிருந்தது. அந்த நினைவு எதில் இருக்கிறது என்று தெரிய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

இடையில் 1990இல் பெட்டூனியா வந்தது. ஊதாப் பூவின் நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கலாம் என்று நிறமி உருவாக்கும் மரபணுவின் கூடுதல் பிரதியைச் செடிக்குள் நுழைத்தார்கள். பல செடிகளில் பூ வெள்ளையாகவோ திட்டுத்திட்டாகவோ பூத்தது. நுழைத்த பிரதியும் வேலை செய்யவில்லை, செடியின் சொந்த மரபணுவும் வேலை செய்யவில்லை. வைரஸ் ஆய்வாளர்களும் இந்தப் பூ ஆய்வாளர்களும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தொண்ணூறுகளின் நடுவில் மெல்லத் தெளிந்தது. 1995இல் குமகாயும் உடன் ஆய்வாளர்களும் புகையிலைத் தேமல் வைரஸுக்குள் செடியின் பிடிஎஸ் மரபணுவின் (பச்சையத்தைக் காக்கும் நிறமிகள் உருவாகத் தேவையான மரபணு) ஒரு துண்டைச் சேர்த்து, நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற புகையிலை இனச் செடியில் ஏற்றினார்கள். புது இலைகள் வெள்ளை வெளேரென்று வந்தன. 1997இல் வான் கமென் இந்த நிகழ்வுக்கு ‘வைரஸ் தூண்டும் மரபணு முடக்கம்’ என்று பெயர் வைத்தார். அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு விஐஜிஎஸ் என்கிறோம். 1999இல் ஹாமில்டனும் டேவிட் பால்கமும் சுமார் 25 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏ, டிஎன்ஏ இழையின் ஓர் ‘எழுத்து’) நீளமுள்ள குட்டி ஆர்என்ஏக்களைக் கண்டுபிடித்தார்கள். விங்கார்டின் செடிகள் நினைவில் வைத்துக்கொண்டிருந்தது அவற்றைத்தான்.

செல்லுக்குள் நடப்பது இப்படி. பெரும்பாலான தாவர வைரஸ்களின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்என்ஏ. பெருகும்போது அது இரட்டை இழையாக வேண்டியிருக்கிறது. ஒற்றை இழையே தன்மீது மடங்கியும் சில இடங்களில் இரட்டையாகிறது. நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ செல்லுக்கு ஆபத்துக் குறி. டைசர் வகை நொதிகள் அதைப் பிடித்து 21, 22, 24 நியூக்ளியோடைடு துண்டுகளாக நறுக்குகின்றன. அந்தத் துண்டுகளில் ஓர் இழையை ஆர்கோநாட் என்ற புரதம் ஏந்திக்கொள்கிறது. பிறகு அந்த இழையோடு இணைசேரும் எந்த ஆர்என்ஏ வந்தாலும் ஆர்கோநாட் அதை வெட்டிவிடுகிறது. செடியின் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ்கள் வெட்டுப்பட்ட துண்டுகளை மீண்டும் இரட்டையாக்கித் தருவதால் குட்டி ஆர்என்ஏக்கள் பெருகுகின்றன. செல் விட்டுச் செல் தாண்டி, சாறு ஓடும் குழாய்கள் வழியே மேலே குருத்து வரைக்கும் போகின்றன.

இப்போது வைரஸுக்குள் செடியின் ஒரு மரபணுத் துண்டை ஒளித்து வைத்தால் என்ன ஆகும்? செடி வைரஸை நறுக்கும்போது அந்தத் துண்டும் சேர்ந்து நறுக்கப்படுகிறது. அதிலிருந்து வரும் குட்டி ஆர்என்ஏக்கள், செடியின் அந்த மரபணுவின் செய்தியைச் சுமந்து வரும் தூது ஆர்என்ஏவையும் தேடிப் பிடித்து வெட்டத் தொடங்குகின்றன. எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்ட சொந்தச் சிப்பாயின் நிலைதான் அந்தத் தூது ஆர்என்ஏவுக்கு. மரபணு டிஎன்ஏவில் அப்படியே இருக்கும். அதன் செய்தி மட்டும் புரதமாக மாறும் முன் அழிந்துபோகும். இதில் நாம் செய்வது வைரஸுக்குள் துண்டை வைப்பது மட்டுமே. மற்றது எல்லாம் செடியின் வேலை. அதனால்தான் இந்த முறையின் பலமும் பலவீனமும் செடியின் அன்றைய உடல்நிலையைப் பொறுத்தே இருக்கின்றன.

எந்த வைரஸை எடுப்பது? தக்காளி, கத்தரி, மிளகாய், பருத்தி போன்றவற்றுக்கு இன்று பெரும்பாலும் டிஆர்வி, அதாவது புகையிலைச் சலசலப்பு வைரஸ். அதற்குக் காரணங்கள் உண்டு. நானூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் தொற்றக்கூடியது. நோய்க்குறிகளை மிதமாகவே காட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, பல வைரஸ்கள் எட்டாத குருத்துப் பகுதிக்குள் இது நுழைகிறது. அதன் மரபுப்பொருள் இரண்டு தனித்தனி ஆர்என்ஏக்களாக இருப்பது நமக்கு வசதி. முதலாவது ஆர்என்ஏவில் பெருகுவதற்கும் நகர்வதற்கும் வேண்டிய மரபணுக்கள் உள்ளன. இரண்டாவதில் உறைப்புரதத்தோடு, இயற்கையில் நூற்புழு வழியாகப் பரவத் தேவைப்படும் மரபணுவும் இருக்கிறது. ஆய்வகத்தில் நூற்புழு வேண்டாம்; ஆகவே அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம் துண்டைப் பொருத்தலாம். 2001இல் பால்கமின் குழுவும் 2002இல் தினேஷ்குமாரின் குழுவும் உருவாக்கிய டிஆர்வி கடத்திகளும் (துண்டைச் சுமந்து செல்லும்படி திருத்திய வைரஸ்கள்) அவற்றின் வழித்தோன்றல்களும்தான் இப்போது உலகம் முழுக்கச் சுற்றுகின்றன.

கோதுமை, பார்லி என்றால் பார்லி வரித்தேமல் வைரஸ். சோயாவுக்கு அவரைக் காய்ப்புள்ளி வைரஸ். நெல்லுக்கு நெல் துங்ரோ வைரஸைத் திருத்தியமைத்த கடத்தி என்று ஒவ்வொரு பயிர்க் குடும்பத்துக்கும் ஒன்று இருக்கிறது. அவற்றில் பல டிஆர்வி அளவுக்குச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குறிப்பாகப் பார்லி வரித்தேமல் வைரஸ், நாம் வைத்த துண்டைச் சில வாரங்களிலேயே உதறித் தள்ளிவிடும். உங்கள் செடி தக்காளி என்பதால் இந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. முழு மரபணுவை வைக்கத் தேவையில்லை. துண்டு நீளமாக நீளமாக வைரஸ் அதைக் கழற்றிவிடும் வாய்ப்பு கூடும். 200 முதல் 500 நியூக்ளியோடைடு இணை வரை என்பது பொதுவான வரம்பு. நான் 300ஐ ஒட்டியே வைப்பேன். மரபணுவின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த துண்டுகள், இரு முனைகளிலிருந்து எடுத்தவற்றைவிட நன்றாக முடக்குகின்றன என்பது நிக்கோட்டியானாவில் முறையாகச் சோதிக்கப்பட்ட விஷயம். வரிசையாக ‘ஏ’க்களோ ‘டி’க்களோ வரும் பகுதியை விலக்குங்கள். துண்டு நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்பது பெரிய பொருட்டில்லை. இரண்டும் வேலை செய்யும்.

குடும்பம் பெரிதாக உள்ள மரபணு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ஏறத்தாழ 21 நியூக்ளியோடைடுகள் தொடர்ந்து அப்படியே பொருந்தினால் போதும், வேறொரு மரபணுவும் சேர்ந்து முடங்கும். வறட்சியில் வெளிப்படும் மரபணுக்களில் பல, பெரிய குடும்பங்களின் உறுப்பினர்கள். டிஎன்ஏவோடு ஒட்டும் பகுதி போன்ற சில இடங்கள் குடும்பம் முழுவதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அங்கிருந்து துண்டை எடுத்தால் ஒரே கல்லில் ஐந்தாறு மாங்காய்கள் விழும்; எந்த மாங்காய் எந்த விளைவைத் தந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது. தக்காளி அடங்கும் சோலனேசியக் குடும்ப மரபணுத் தரவுத்தளம் இதற்கென்றே ஒரு கருவியை இலவசமாக வைத்திருக்கிறது. வரிசையை உள்ளிட்டால் எந்தப் பகுதி உங்கள் மரபணுவுக்கு மட்டுமே உரியது என்று வண்ணத்தில் காட்டும். அதைச் செய்யாமல் துண்டைப் பெருக்கப் போகாதீர்கள். சில நேரம் குடும்பம் முழுவதையும் சேர்த்து முடக்குவதே நோக்கமாக இருக்கலாம். அப்போது இதே குறை, வசதியாக மாறிவிடும்.

இனிச் செய்முறை. இரண்டு வைரஸ் ஆர்என்ஏக்களின் டிஎன்ஏ வடிவங்கள் இரண்டு பிளாஸ்மிட்டுகளில் (பாக்டீரியாவுக்குள் பெருகும் டிஎன்ஏ வளையங்கள்) இருக்கும். இரண்டையும் தனித்தனியே, செடிக்குள் டிஎன்ஏவைச் செலுத்தும் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியத்தில் ஏற்றுங்கள். ஜிவி3101 என்ற வகை பெரும்பாலான இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. இரவு முழுக்க வளர்த்த பாக்டீரியாவைச் சுழற்றி இறக்கி, மக்னீசியம் குளோரைடும் எம்இஎஸ் தாங்கலும் அசிட்டோசிரிங்கோனும் உள்ள கரைசலில் கலந்து மூன்று மணி நேரம் அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். அசிட்டோசிரிங்கோன், காயம்பட்ட செடி வெளியிடும் பொருள். அதை உணர்ந்ததும் பாக்டீரியா தன் டிஎன்ஏவைச் செலுத்தத் தயாராகிறது. பிறகு இரண்டு கலவைகளையும் சம அளவில் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விதையிலையின் அடிப்பக்கத்தில் அழுத்தி, மறுபக்கம் விரலால் தாங்கிக்கொண்டு மெல்லச் செலுத்துங்கள். இலைக்குள் ஈரம் கருமையாகப் படர்வது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கருமை விதையிலை முழுக்கப் பரவாவிட்டால் சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில் செலுத்துங்கள். தக்காளியில் விதையிலைகள் நன்கு விரிந்து முதல் உண்மையிலை எட்டிப் பார்க்கும் பருவம்தான் சரியான நேரம். வயது கூடக் கூட விளைவு குறைந்துகொண்டே போகும்.

வெப்பநிலையில் பலர் கோட்டை விடுகிறார்கள். வைரஸ் பரவும் நாட்களில் அறை 20 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். 28 பாகையில் தக்காளி செழிப்பாக வளரும். ஆனால் டிஆர்வி முடக்கம் தேய்ந்துபோகும். தக்காளியில் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் குறைந்திருந்தால் முடக்கம் இன்னும் வலுக்கிறது என்று தனியாகவே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே வெப்ப அதிர்ச்சி போன்ற தலைப்புகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த முறை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வறட்சிக்கு அவ்வளவு சிக்கல் இல்லை.

ஒவ்வொரு முறையும் பிடிஎஸ் துண்டு ஏற்றிய செடிகளையும் கூடவே வளர்க்க வேண்டும். பிடிஎஸ் முடங்கினால் கரோட்டினாய்டுகள் உருவாகாது. அவை இல்லையென்றால் பச்சையத்தை ஒளியிலிருந்து காப்பாற்ற ஆளில்லை; ஒளி பட்டுப் பச்சையம் சிதைகிறது; இலை வெளுக்கிறது. பாக்டீரியாவைச் செலுத்திய இலை பச்சையாகவே இருக்கும். அதற்கு மேலே புதிதாக விரியும் இலைகளில் நரம்பை ஒட்டி முதலில் வெள்ளைக் கீற்றுகள் தெரியும், பிறகு சிற்றிலை முழுக்க வெளுக்கும். இரண்டு மூன்று வாரங்களில் இது நடக்கும். வைரஸ் சாறு வழியே மேலே ஏறி, நரம்பிலிருந்து பக்கவாட்டில் இறங்குவதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். முதல் முறை பார்ப்பவர்கள் அந்த வெள்ளைச் செடியின் முன் நின்றுவிடுவார்கள்.

அந்த வெள்ளை உங்களை ஏமாற்றும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிடிஎஸ் செடி வெளுத்தால், அந்தத் தொகுப்பில் பாக்டீரியாவும் வைரஸும் அறையும் ஒழுங்காக இருந்தன என்றுதான் பொருள். பக்கத்துத் தொட்டியில் பச்சையாக நிற்கும் உங்கள் செடியில் உங்கள் மரபணு முடங்கியிருக்கிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. பிடிஎஸ் செடிகளிலேயே வெண்மை திட்டுத்திட்டாக வருவதைப் பாருங்கள். ஒரே இலையில் பாதி வெள்ளை, பாதி பச்சை. உங்கள் மரபணுவும் அப்படித்தான் திட்டுத்திட்டாக முடங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். தக்காளிப் பழத்தில் வேலை செய்த ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்று 2009இல் இதற்கு அழகான வழி கண்டது. ஆந்தோசயனின் நிறமியால் ஊதாவாகப் பழுக்கும் மரபணு மாற்றத் தக்காளியை எடுத்துக்கொண்டு, வைரஸுக்குள் அந்த ஊதா நிறத்தைப் போக்கும் துண்டையும் ஆய்வுக்குரிய துண்டையும் சேர்த்தே வைத்தார்கள். பழத்தில் எங்கெல்லாம் ஊதா போய்ச் சிவப்பு வந்ததோ, அங்கெல்லாம் மற்ற மரபணுவும் முடங்கியிருந்தது. கத்தியால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஆராய முடிந்தது. இலையில் இதைச் செய்வது கடினம். வெளுத்த இலை ஒளிச்சேர்க்கை செய்யாது, அதை வைத்து வறட்சியைச் சோதிப்பதில் பொருளில்லை.

ஆகவே உங்களுக்கு ஒரே வழி, ஒவ்வொரு செடியிலும் அந்த மரபணுவின் தூது ஆர்என்ஏ எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பதுதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அளவிடும் பிசிஆரில் (மரபணுப் பகுதியைப் பெருக்கி அளக்கும் முறை) பயன்படுத்தும் தொடக்கிகள், அதாவது பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழைகள், வைரஸுக்குள் வைத்த துண்டுக்குள் விழக்கூடாது. விழுந்தால் நீங்கள் அளப்பது வைரஸில் உள்ள உங்கள் துண்டை. மரபணு முடங்கிய செடியில் அது எக்கச்சக்கமாக ஏறியது போலத் தெரியும். குறைந்தது ஒரு தொடக்கியாவது துண்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு வைக்கும் மரபணுவும் வைரஸ் தொற்றாலோ வறட்சியாலோ மாறாததாக இருக்க வேண்டும். வழக்கமாக எல்லோரும் எடுக்கும் ஆக்டின் மரபணுவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல் இரண்டு மூன்றைச் சோதித்துப் பார்த்து எடுங்கள். எந்த இலையிலிருந்து மாதிரி எடுக்கிறீர்கள் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பிடிஎஸ் செடிகளில் எந்த இலை மிகவும் வெளுக்கிறதோ, எல்லாச் செடிகளிலும் அதே வரிசை இலை.

அளந்தால் முழுவதும் காணாமல் போயிருக்காது. நன்றாக நடந்த சோதனையிலும் ஒரு பங்கு தூது ஆர்என்ஏ மிச்சமிருக்கும். அந்த மிச்சமே சில மரபணுக்களுக்குப் போதும். நொதி மரபணுக்களில் இது அடிக்கடி நடக்கும்: முக்கால்வாசி குறைந்தாலும் மிச்சமுள்ள நொதி வேலையை முடித்துவிடும். ஆகவே முடக்கியும் செடியில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் ‘இந்த மரபணுவுக்கும் வறட்சிக்கும் தொடர்பில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். இந்த முறையில் மாற்றம் தெரிந்தால்தான் செய்தி. தெரியாவிட்டால் அது மௌனம் மட்டுமே. இதைச் சொல்லாமல் விட்ட கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

இப்போது முதலில் சொன்ன வறட்சிச் சிக்கலுக்கு வருவோம். வைரஸ் தொற்றாத செடியோடு ஒப்பிட்டால் உங்கள் முடிவு செல்லாது. வைரஸ் தானே வறட்சி தாங்கும் திறனை மாற்றுகிறது. ‘சரி, துண்டு எதுவும் வைக்காத வெற்று வைரஸ் கடத்தியோடு ஒப்பிடுகிறேன்’ என்றால் அதிலும் ஓட்டை இருக்கிறது. துண்டு ஏதும் சுமக்காத வைரஸ் வேகமாகப் பெருகுகிறது. சில செடிகளில் கருகல் வரை நோய்க்குறிகள் கடுமையாகின்றன. துண்டு சுமக்கும் வைரஸ் சற்று மந்தமாக இருக்கிறது. அப்போது உங்கள் செடிக்கும் ஒப்பீட்டுச் செடிக்கும் இடையே தெரிகிற வேறுபாடு மரபணுவால் வந்ததா, வைரஸின் வேகத்தால் வந்ததா? இதற்குத்தான் தாவரத்தில் இல்லாத ஒரு மரபணுவின் துண்டை, உதாரணமாக ஜெல்லி மீனின் ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் துண்டை, உங்கள் துண்டின் அதே நீளத்துக்கு வைத்த வைரஸை ஒப்பீடாக வளர்க்கச் சொல்கிறேன். கூடவே எல்லாச் செடிகளிலும் வைரஸின் அளவையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இரண்டு தொகுப்பிலும் வைரஸ் ஏறக்குறைய சமமாக இருந்து, உங்கள் மரபணு முடங்கிய செடி மட்டும் முன்னதாக வாடினால், அப்போது பேசலாம்.

வறட்சி என்றில்லை, நோயெதிர்ப்பு ஆய்விலும் இதே சிக்கல் உண்டு. வைரஸ் நுழைந்ததுமே செடியின் தற்காப்பு விழித்துக்கொள்கிறது. தற்காப்பைத் தூண்டும் சாலிசிலிக் அமிலத்தின் அளவு மாறுகிறது. அந்த நிலையில் பூஞ்சையையோ பாக்டீரியாவையோ ஏவி எதிர்ப்பை அளப்பது, ஏற்கெனவே சண்டையில் இருக்கும் செடியை அளப்பதுதான். அப்படியிருந்தும் நோயெதிர்ப்பு ஆய்வில்தான் இந்த முறை பெரிய வெற்றிகளைக் கொடுத்தது என்பது வேடிக்கை. 2003இல் பால்கமின் குழு ஏறத்தாழ ஐயாயிரம் துண்டுகளை ஒவ்வொன்றாக வைரஸில் ஏற்றி, ஒவ்வொரு செடியிலும் எதிர்ப்பு உடைகிறதா என்று பார்த்தது. வெப்ப அதிர்ச்சிப் புரதம் 90 இல்லாமல் எதிர்ப்புப் புரதங்கள் வேலை செய்யாது என்பது அதில் வெளிப்பட்டது. அந்த மரபணு முற்றிலும் நீங்கினால் செடியே பிழைக்காது. வளர்ந்த செடியில் பாதி வழியில் முடக்கியதால்தான் விடை கிடைத்தது. முழுமையாக முடக்காது என்ற குறைக்கு இப்படியும் ஒரு மறுபக்கம் உண்டு.

அந்தச் சோதனைகள் பெரும்பாலும் நிக்கோட்டியானா பெந்தாமியானாவில்தான் நடந்தன. ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியைச் சேர்ந்த இந்தச் செடி வைரஸ்களுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்கு ஒரு காரணம், அதன் வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களில் ஒன்றான ஆர்டிஆர்1இல் 72 இணை நீளமுள்ள ஒரு செருகல் நுழைந்து அதைப் பழுதாக்கிவிட்டது. உங்கள் மரபணுவுக்கு நெருங்கிய உறவு அதில் இருந்தால் முதலில் அங்கே முடக்கிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோதுமையில் இதன் பயன் வேறு. கோதுமைக்கு மூன்று மரபணுத் தொகுதிகள். ஒவ்வொரு மரபணுவுக்கும் பெரும்பாலும் மூன்று பிரதிகள். ஒன்றை நீக்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடும். மூன்றுக்கும் பொதுவான துண்டை வைரஸில் வைத்தால் மூன்றும் சேர்ந்து அடங்கும். அங்கே சிரிஞ்சு வேலைக்கு ஆகாது. வைரஸை நிக்கோட்டியானாவில் பெருக்கி, இலைச் சாற்றை எடுத்து, நுண்ணிய கார்போரண்டம் தூளோடு கோதுமை இலைமீது விரலால் தேய்ப்பார்கள். தூள் ஏற்படுத்தும் கீறல்கள் வழியே வைரஸ் நுழையும்.

இந்த முறை தன் முழு மதிப்பைக் காட்டியது என்று நான் நினைப்பது நித்தியகல்யாணியில். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் இந்தச் செடியின் இலையில் மிகமிகக் குறைந்த அளவில் உருவாகிறது. அது உருவாகும் வேதிப் பாதை மிக நீளம். பல படிகளில் எந்த நொதி வேலை செய்கிறது என்று தெரியாமல் பல ஆண்டுகள் கிடந்தது. இந்தச் செடியில் நிலையான மரபணு மாற்றம் செய்வது பெரும் பாடு. 2011இல் லிஸ்கோம்பும் சாரா ஓ’கானரும் டிஆர்வியை அதில் ஓடவைத்தார்கள். விதம் எளிமையானது: இளஞ்செடியின் குருத்துக்குச் சற்றுக் கீழே, பாக்டீரியாக் கரைசலில் தோய்த்த இடுக்கியால் தண்டைக் கிள்ளுவது, அவ்வளவுதான். ஓரிரு வாரங்களில் புது இலைகள் முடங்கிய நிலையில் வரும்.

அதன் பிறகு ஐயத்துக்குரிய மரபணுக்களை வரிசையாக முடக்கி, இலையில் எந்தப் பொருள் தேங்குகிறது, எது குறைகிறது என்று நிறைநிரல்மானியில் (மூலக்கூறுகளை அவற்றின் எடையைக் கொண்டு இனங்காணும் கருவி) பார்க்க முடிந்தது. தொடர்ப்பாதையில் ஒரு படி அடைபட்டால் அதற்கு முந்தைய பொருள் குவியும். அதுவே அந்த நொதியின் அடையாளம். 2018இல் கபூட்டி முதன்மை ஆசிரியராக இருந்த கட்டுரை, கடைசியாக விடுபட்டிருந்த படிகளை இப்படித்தான் நிரப்பியது. ஒரு மரபணுவை முடக்கியபோது ஸ்டெம்மடெனின் அசிட்டேட் என்ற இடைப்பொருள் குவிந்தது. அது அந்தப் பொருளை எடுத்து அடுத்த படிக்கு மாற்றும் நொதியின் மரபணு என்று தெரிந்தது. பாதை முழுதாகத் தெரிந்த பிறகு, 2022இல் வேறொரு குழு அந்த மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் ஏற்றி, வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளான காத்தரந்தினையும் விண்டோலினையும் அங்கேயே உருவாக்கியது. கசகசாச் செடியில் மார்ஃபின் பாதையின் கடைசி நொதிகளை 2010இல் கண்டறிந்தபோதும் இதே வைரஸ்தான் கைகொடுத்தது. வேதிப் பாதைகளில் இந்த முறை இவ்வளவு கைகொடுப்பதற்குக் காரணம், அங்கே விளைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை, பொருளின் அளவே பேசிவிடுகிறது. முடக்கம் அரைகுறையாக இருந்தாலும் பொருள் தேங்குவது தெரிந்துவிடும்.

‘மரபணுத் திருத்தம் வந்துவிட்டதே, இனி இது எதற்கு?’ என்றும் கேட்பீர்கள். இரண்டும் வேறு வேறு வேலைகளுக்கு. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை வழியே மரபணுவை நீக்க வேண்டுமானால் வழக்கமாகத் திசு வளர்ப்பும் அடுத்த தலைமுறையும் தேவை. ஐம்பது மரபணுக்களில் எது முக்கியம் என்று தெரியாத நிலையில் ஐம்பதையும் நீக்கிக்கொண்டிருக்க முடியாது. வைரஸால் முடக்கி ஐந்தாகக் குறைக்கலாம். அதோடு இரண்டும் ஒன்றுசேர்ந்தும் விட்டன. கிரிஸ்பரில் டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 நொதியை ஏற்கெனவே தாங்கிய செடிக்குள், வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவை டிஆர்வி வழியே அனுப்பி, அடுத்த தலைமுறைக்கும் செல்லும் திருத்தத்தை 2020இல் செய்து காட்டினார்கள். நொதியையே வைரஸில் அனுப்புவதுதான் இழுபறியாக இருந்தது. காஸ்9 அதற்கு மிகப் பெரிது. அண்மையில் டிஎன்பிபி என்ற மிகச் சிறிய நொதியை டிஆர்வியில் ஏற்றி அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் அதையும் சாதித்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. நூற்புழுவால் பரவும் பகுதியை நீக்கியிருந்தாலும் இது உயிருள்ள வைரஸ்தான். தொற்றும் செடிகளின் பட்டியல் நீளம். முடக்கம் சில சமயம் விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது, சில செடிகளில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். செடி, மண், தொட்டி எல்லாவற்றையும் நீராவி அழுத்தத்தில் வேகவைத்த பிறகே வெளியே போடுங்கள்.

கடைசியாக உங்கள் சோதனைக்கான திட்டம். ஒரு துண்டோடு நிறுத்தாதீர்கள். அதே மரபணுவின் வேறொரு பகுதியிலிருந்து, முதல் துண்டோடு சற்றும் மேற்பொருந்தாத இரண்டாவது துண்டையும் தனி வைரஸாக உருவாக்குங்கள். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால், தவறான மரபணு முடங்கியிருக்குமோ என்ற ஐயம் பெருமளவு விலகும்; மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். முதல் சுற்றில் ஜிஎஃப்பி துண்டு, பிடிஎஸ் துண்டு, உங்கள் இரண்டு துண்டுகள் என நான்கு தொகுப்புகள். தொகுப்புக்குப் பன்னிரண்டு செடிகளாவது வேண்டும், ஏனென்றால் சிலவற்றில் முடக்கம் பிடிக்காமல் போகும். பிடிஎஸ் செடிகள் வெளுத்ததும் மற்ற ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு சிற்றிலையை எடுத்து அளந்து, முடங்கிய செடிகளை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே நீரை நிறுத்துங்கள். இலை வாடுவதைப் படம் பிடிப்பதோடு விடாமல், தொட்டியை நாள்தோறும் எடைபோடுங்கள். வைரஸ் தொற்றிய செடி சிறுத்திருந்தால் இலைப்பரப்பும் குறைந்திருக்கும். அது மெதுவாக நீரைச் செலவழித்து, அதனாலேயே தாமதமாக வாடக்கூடும். எடைக் கணக்கும் இலைப்பரப்பும் இருந்தால்தான் அதையும் மரபணுவின் விளைவையும் பிரித்தறிய முடியும்.